முதல் நாற்பது பக்கம்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் உதாரணங்களோடு சொல்வாள். ஐம்பத்தாறு வயதில், ஆறு நாவல் எழுதிய கையால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரு புத்தகத்துக்குப் பிரவுன் ஷீட் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, லேபிளில் 'கணக்கு' என்று அழகாக எழுதி, தாம்பரத்திலிருந்து சேலையூருக்குப் போகும் பஸ்ஸில் ஒளித்து ஒளித்துப் படித்தவன் நான். கொஞ்ச தூரம்தான். ஆனால் கேம்ப் ரோடு சிக்னலின் தயவில் ஓர் அத்தியாயம் முடித்துவிடலாம்.

அந்தப் புத்தகத்தை எழுதியவன் என் நண்பன். அட்டைக்கு உள்ளே இருந்தது அவன் நாவல். அட்டைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது என் வயிற்றெரிச்சல்.

அவனுக்கு அனகாபுத்தூரில் மருந்துக் கடை. எனக்கு ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை. இருவரும் இருபத்திரண்டு வருடங்களாகப் பெரியவர்களுக்கான கனமான நாவல்களை எழுதி வந்தோம். கனம் என்று நான் சொல்வது எடையை. என்னுடைய மூன்றாவது நாவலை வைத்து எங்கள் வீட்டு ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இன்றும் நிற்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம். யார் எதை எழுதினாலும் முதல் பிரதி மற்றவன் கைக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநீர்மலைக்குப் போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லுவோம். மலையடிவாரம் வரைக்கும் அது உண்மை. பெருமாள் மேலே இருப்பார், நாங்கள் கீழே டீக்கடை பெஞ்சில் இருப்போம். அங்கே ஒரு மஞ்சள் பை கைமாறும். வாங்கிப் போனவன் ஓரத்தில் பென்சிலால் கருத்து எழுதி, ஒரு மாதத்துக்குள் அதே பையில் திருப்பித் தர வேண்டும். பேனா கூடாது. திட்டினாலும் அழிக்கிற மாதிரி திட்ட வேண்டும் என்பது சட்டம். 'நாலு பக்கமா மழை பெய்யுது, ஒருத்தன் கையில கூட குடை இல்லையா?' என்று என் பிரதியின் ஓரத்தில் எழுதியவன் அவன். 'இந்தக் கதாநாயகன் செத்தால் தேவலை' என்று அவன் பிரதியில் எழுதியவன் நான். அடுத்த பிரதியில் அவன் கொன்றேவிட்டான். அந்த நாவலுக்குப் பரிசு கிடைத்தது. கொலை யோசனை என்னுடையது என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறையை டீயில் தோய்த்துக்கொண்டே சொன்னான்.

"மச்சான், புச்சா ஒண்ணு எழுதிக்கினு கீறேன். பெரியவங்களுக்கு இல்ல. டீனேஜ் பசங்களுக்கு."

நான் வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருக்கலாம். "ஏன், கடையில டானிக் விக்கிறது பத்தலையா? இனிமே நாவல்லயும் கலக்கி ஊட்டப் போறியா?" என்றேன். டீ மாஸ்டர் சிரித்தார். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் சிரித்தார். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பொறை உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது, அதைக் கரண்டியால் எடுப்பதில் மும்முரமாக இருந்தான்.

அதற்குப் பிறகு நான் மஞ்சள் பைக்காகக் காத்திருந்தேன். காத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் காத்திருந்தேன். தீபாவளி போனது. பொங்கல் போனது. பையில் நான் கொடுத்த என் அத்தியாயங்கள்தான் பென்சில் குறிப்போடு திரும்பி வந்தன. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பையிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தது பிரதி இல்லை, அச்சடித்த புத்தகம். நீல அட்டை. நான் ஒரு எழுத்துக்கூடப் பார்க்காமல் அச்சாகிவிட்ட அவனுடைய முதல் புத்தகம்.

"உனுக்குத்தான். வெச்சிக்கோ."

"பசங்க புக்கெல்லாம் நான் படிக்கிறதில்லப்பா. கண்ணு கூசும்."

அவன் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை நான் தாம்பரத்தில் ஒரு புத்தகக் கடையில் நின்று, "இந்த நீல அட்டை ஒண்ணு குடுங்க. பொண்ணுக்கு" என்றேன்.

"உங்க ஃப்ரெண்டோடதுதானே சார்? செம்மயா போவுது. ஸ்கூல்லேர்ந்தெல்லாம் கேட்டு வராங்க" என்றார் கடைக்காரர். பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "உங்களோடதும் இருக்கு சார். அப்படியே இருக்கு" என்றார்.

பொறாமை என்றால் ஏதோ நெஞ்சுக்குள் எரியும் பெரிய தீ என்று நானே இரண்டு நாவல்களில் எழுதியிருக்கிறேன். அதெல்லாம் பொய். பொறாமை என்பது காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனை எடுத்து அவனுடைய வாட்ஸாப் ஸ்டேட்டஸைப் பார்ப்பது. ஒரு நாள் ஏதோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றார்கள். இன்னொரு நாள் ஒரு சிறுமி எழுதிய கடிதம். இன்னொரு நாள் அவன் கையெழுத்துப் போடுகிற கை மட்டும். என் வாழ்நாளில் என் வாசகர்கள் மூன்று பேருக்கு மேல் ஒரே புகைப்படத்தில் நின்றதில்லை, அதிலும் ஒருவர் என் மைத்துனர். அடுத்த ஞாயிறு டீக்கடையில் அவன் சாவகாசமாகக் கேட்டான்: "இன்னா மச்சான், நான் ஸ்டேட்டஸ் போட்டு அரை நிமிசத்துல பாத்துர்றியே, தூங்கறதே இல்லியா?" பார்த்தவர்களின் பெயர் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, பிரவுன் ஷீட்டுக்கு வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மகளின் நோட்டுகளுக்கு அட்டை போடுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவள் பத்தாம் வகுப்பு. அவளே போட்டுக்கொள்வாள், ஆனால் மூலை மடிப்பு என்னைப் போல் வராது என்று நானே பிடுங்கிக்கொள்வேன். கூடத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலும் பசையுமாகப் பன்னிரண்டு நோட்டுகளை முடித்தபோது பதின்மூன்றாவதாக அந்த நீல அட்டையும் மடிப்புக்குள் போய்விட்டது. வீட்டில் அதைப் பற்றி நான் பேசிய பேச்சு அப்படி. 'பஞ்சுமிட்டாய் இலக்கியம்' என்று சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தேன். என் கையில் அந்தப் புத்தகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது.

முதல் பக்கத்திலேயே எனக்கு அடி விழுந்தது. நன்றியுரை இரண்டே வரி. 'இந்த நாவலின் முதல் நாற்பது பக்கத்தைத் தூக்கிப் போடச் சொன்ன முதல் வாசகருக்கு நன்றி. அதற்குப் பிறகுதான் கதை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது.'

முதல் வாசகர்! இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் பதவியில் இருந்தவன் நான். சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, ஆனாலும் என் பதவி. யாரோ ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது பக்கத்தைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறான். பென்சிலை எடுத்தேன். நன்றியுரையின் ஓரத்தில், 'யார் இந்த ரசனை கெட்ட ஜென்மம்?' என்று எழுதினேன். பல்லாவரத்தில் ஒரு விமர்சகர் இருக்கிறார், எதை எடுத்தாலும் சுருக்கச் சொல்கிறவர், அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, மூன்று வாரம் அவருடைய வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்கவில்லை. அந்த மனிதர் பாவம், தனக்குத் தெரியாமல் ஏதாவது எழுதிவிட்டோமோ என்று என்னுடைய ஐந்தாவது நாவலுக்குத் தான் எழுதிய மதிப்புரையைத் தேடி எடுத்துத் திரும்பப் படித்தாராம்.

நாவலின் கதை இதுதான். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா தலையில் கூடை வைத்துத் தெருத் தெருவாக மீன் விற்கிறவள். டியூஷனுக்குப் போகும் தெருவில் அம்மா வந்துவிடுவாளோ என்று அந்தப் பெண்ணுக்குப் பயம். மீன் வாடை போக மூன்று முறை சோப்பு போட்டுக் கை கழுவுகிறாள். சுற்றுவழியில் போகிறாள். நான் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். 'சொல் தேர்வு சுமார்.' 'இந்த உவமை என்னிடமிருந்து எடுத்தது.' 'வாக்கியம் குட்டை.' 'இதுவும் குட்டை.' 'எல்லாமே குட்டை, மூச்சு முட்டுகிறதா?' நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில், அந்த அம்மா யாரும் ஒன்றும் சொல்லாமலே அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். அவ்வளவுதான். ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் எழுதவில்லை. அந்தத் தெருப் பெண்கள் மட்டும், "மீன்காரம்மாவைக் காணோமே" என்று இரண்டு நாள் பேசிக்கொள்கிறார்கள்.

பஸ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. என் கண் கலங்கி, மூக்கு வழிந்து, கைக்குட்டையைத் தேடினேன். பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார்.

"இன்னா சார், கணக்கு அவ்ளோ கஸ்டமாகீதா?"

"இல்லம்மா... தூசி."

"என் பையனும் இப்டித்தான் சொல்லிக்கினு அழுவான். வுடுங்க சார், இந்த வயசுல இன்னாத்துக்குப் படிக்கிறீங்க?"

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். இறங்குவதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன். 'படுபாவி. எழுதிவிட்டான்.'

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தை எங்கே ஒளிப்பது? பிரவுன் ஷீட் புத்தகத்துக்குப் பாதுகாப்பான இடம் பிரவுன் ஷீட்டுகளுக்கு நடுவேதான் என்று மகளின் நோட்டு அடுக்கில் நடுவில் செருகிவைத்தேன். ஆறு நாவல்களில் எத்தனையோ கதாபாத்திரங்கள் எத்தனையோ விஷயங்களை ஒளித்திருக்கிறார்கள். ஒருவரும் இத்தனை மட்டமாக ஒளித்ததில்லை.

மறுநாள் மாலை மகள் பையை இறக்கிவைத்துவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் 'கணக்கு'.

"அப்பா, இன்னிக்கு மேத்ஸ் மிஸ் ஹோம்வொர்க் நோட் கேட்டாங்க. இதைக் கொண்டு போய்க் குடுத்தேன்."

நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன்.

"மிஸ் திறந்து பாத்துட்டு லஞ்ச் வரைக்கும் திருப்பித் தரல. ஓரத்துல இருக்கறதைப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சாங்க. இது உன் கையெழுத்துதானே?"

"அது... யாரோ பழைய புத்தகக் கடையில..."

"நீதான் படிக்கவே மாட்டேன்னியே. சரி, அது போகட்டும். ரசனை கெட்ட ஜென்மம்னு எழுதியிருக்கியே, யாரு?"

"பல்லாவரத்துல ஒரு ஆளு. உனக்குத் தெரியாது."

"நான்தான்பா அது."

பேப்பர் தானாகக் கீழே இறங்கியது. சமையலறையிலிருந்து என் மனைவி, "என்னங்க, யாரு ஜென்மம்?" என்று கேட்டாள்.

போன வருடம் நான் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்குப் போயிருந்த ஒரு நாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். மஞ்சள் பையை இவள் கையில் கொடுத்திருக்கிறான். மூன்றே நாளில் முழுவதும் படித்துவிட்டு, முதல் நாற்பது பக்கத்தின் மேல் பென்சிலால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டுத் திருப்பியிருக்கிறாள். அவன் கையெழுத்து எப்படிப்பட்டது என்று தெரியுமா? டாக்டர் சீட்டுகளைப் படித்துப் படித்து அவன் கையும் அப்படியே ஆகிவிட்டது. அந்தக் கிறுக்கலில் முந்நூறு பக்கத்தை மூன்று நாளில் படித்தவள், தெளிவாக அச்சடித்த என் நான்காவது நாவலை ஏழாம் வகுப்பில் எடுத்து, பதினோராம் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் குச்சியை வைத்து மூடியவள். குச்சி இன்னமும் அங்கேதான் இருக்கிறது. நான் மாதம் ஒரு முறை பார்ப்பேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"மாமா சொல்லாதன்னார். நீயும் கேக்கலியே."

அதுவரைக்கும் அவனுடைய வாசகர்கள் மேல், புகைப்படங்கள் மேல், கடைக்காரரின் 'செம்ம' மேல் பட்டுக்கொண்டிருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அதெல்லாம் வெளியூர்ப் பொறாமை. இது வீட்டுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அவனுக்கு ஊர் முழுக்கப் பிள்ளைகள் படிக்கட்டும். இந்த ஒரு பிள்ளை என்னையும் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், அதைத்தான் அவன் கேட்காமலே வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் டீக்கடையில் உட்காரவில்லை. கோபத்தில் மலைப்படி ஏறத் தொடங்கிவிட்டேன். அவனும் பின்னாலேயே ஏறி வந்தான். இத்தனை வருடங்களில் முதல் முறையாக நாங்கள் வீட்டில் சொல்லிவிட்டு வந்தபடியே நடந்துகொண்டிருந்தோம். பாதி தூரத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தோம்.

"ஏன்யா, எம்பொண்ணு கிட்ட குடுக்கத் தெரிஞ்சுது, எங்கிட்ட காட்டத் தெரியலியா?"

"நீ இன்னா சொன்னே? டானிக்கு. கடையாண்ட எல்லாரும் சிரிச்சாங்கோ."

"விளையாட்டுக்குச் சொன்னேன்பா."

"தெரியும். ஆனா எனுக்கு பயமா இருந்துச்சு மச்சான். இதுவரிக்கும் எழுதாத வேல. உங்கிட்ட குடுத்தா அந்தப் பொண்ண நீ ஜன்னலாண்ட நிக்க வெச்சு மூணு பக்கம் மழய பாக்க வெச்சிருப்பே. நானும் நீ சொன்னா கேட்டிருப்பேன். அத்தான் பயம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "உம்பொண்ணு ஓரத்துல இருக்கறதெல்லாம் போட்டோ புடிச்சு அனுப்பிச்சா. நூத்திப் பதிமூணாம் பக்கமும் வந்துச்சு."

"அதுக்கு முன்னாடி பக்கமெல்லாம்?"

"அல்லாமே வந்துச்சு. அந்த உவமை உன்னுது இல்ல, எங்க ஆயாவோடது."

மேலே போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்களைப் பார்த்து அவருக்குத்தான் ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே நான் ஆரம்பித்துவிட்டேன். டீனேஜ் நாவல். அவன் எழுதினால் என்னால் முடியாதா? கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில் பள்ளி விடும் நேரத்தில் நின்று பிள்ளைகள் பேசுவதைக் குறிப்பெடுத்தேன். இரண்டாவது நாளே ஒரு பையன், "அங்கிள், எந்த ஸ்கூல்லேர்ந்து செக் பண்ண வந்திருக்கீங்க?" என்று கேட்டான். அந்த வழியை விட்டேன். பார்சல் அலுவலகத்துக்கு வந்து, யாரும் எடுத்துப் போகாமல் கிடக்கும் ஒரு சைக்கிளையும், அதை அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பும் ஒரு பெண்ணையும் வைத்து எழுதினேன். ஏழு மாதம். முடித்து, பக்கங்களைத் தட்டி ஒழுங்காக்கி, புது மஞ்சள் பை ஒன்று வாங்கி, மகள் முன்னால் வைத்தேன். ஒரு பென்சிலும் சீவி வைத்தேன்.

"பப்ளிக் எக்ஸாம் இருக்குப்பா."

"முடிஞ்சதும் பாரு. அவசரமே இல்ல."

"முடிஞ்சதும் மாமாவோட ரெண்டாவது டீனேஜ் நாவல் இருக்கு. அது முதல்ல வந்துச்சு. நீ க்யூல வா."

க்யூவில் நின்றேன். தேர்வு முடிந்தது. அவன் பிரதி நான்கு நாளில் முடிந்து அனகாபுத்தூருக்குத் திரும்பிப் போனது. எத்தனை பக்கத்தில் பெருக்கல் குறி விழுந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன், அது மாமா விஷயம் என்றாள். பிறகு ஒரு நாள் காலை அவள் மேசையில் என் பை திறந்திருந்தது. பிரதிக்குள் ஓர் ஐஸ்கிரீம் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. பழைய குச்சி. என் நான்காவது நாவலைத் திறந்து பார்த்தேன், பதினோராம் பக்கத்தில் குச்சியின் கறை மட்டும் இருந்தது. அந்த நாவல் இனிமேல் அவளுக்கு இல்லை என்பது உறுதி. பரவாயில்லை, குச்சி வெளியூர் போகவில்லை, என்னுடைய இன்னொரு நாவலுக்குத்தான் வந்திருக்கிறது.

தினமும் அவள் குளிக்கப் போகும் நேரத்தில் குச்சியைப் பார்த்தேன். ஒன்பது. மறுநாளும் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதினொன்று. எனக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. அதற்கும் மறுநாள் பன்னிரண்டு. பன்னிரண்டாம் பக்கம்! கேம்ப் ரோட்டுக்குப் போய் யாருக்கும் சொல்லாமல் ஒரு பால்கோவா வாங்கித் தின்றேன். பிறகு குச்சி எழுபதில் நின்றது, நூற்று முப்பதுக்குத் தாவியது, ஒரு நாள் காணாமலே போனது. தேடினேன். மேசைக்கு அடியில் கிடந்தது. பிரதி மூடியிருந்தது. பென்சில் பாதியாகத் தேய்ந்திருந்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். நான் பிரதியைத் திறக்கவில்லை, தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டாளா என்று கேட்க வேண்டியதில்லை, அந்தப் பென்சிலே சொன்னது. ஆனால் மனசு அங்கேயும் நிற்கவில்லை. அவனுக்கு நாற்பது. எனக்கு முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த ஞாயிறு டீக்கடையில் என் செலவில் எல்லோருக்கும் பொறை.

"மாமாவோடதுல நாப்பது பக்கம் தூக்கச் சொன்னே, இல்லியா?" என்றேன். "என்னோடதுல எவ்வளவும்மா தூக்கணும்?"

"எவ்வளவு வெச்சுக்கணும்னு கேளுப்பா."